அட்மின், அட்மின்

2017 ஜூலை கடைசி வாரம். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வைத்திருந்த பல வீடுகளில் மோடம் திடீரென்று படுத்துவிட்டது. கரண்ட் இருக்கிறது, தொலைபேசியில் டயல் டோன் வருகிறது, நெட் மட்டும் இல்லை. வழக்கமான வைத்தியத்தை எல்லாரும் செய்து பார்த்தார்கள். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார்கள். பின்பக்கத்து ஓட்டைக்குள் குண்டூசியை விட்டு ரீசெட் பொத்தானை அழுத்தினார்கள். மோடம் அசைந்து கொடுக்கவில்லை. தெற்கிலும் வடக்கிலுமாகப் பல மாநிலங்களில் இதே கதை. செத்துப்போன மோடம்கள் அறுபதாயிரத்துக்கு மேல் என்று அன்றைய செய்திகள் கணக்குச் சொல்லின. எம்டிஎன்எல்லும் தப்பவில்லை.

ரீசெட் பொத்தான் என்ன செய்யும் என்று தெரிந்தால், அது ஏன் பலிக்கவில்லை என்பதும் புரிந்துவிடும். மோடம் என்பது ஒரு சின்னக் கணினி. அதற்கென்று செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயங்குதளமும் உண்டு. அந்த இயங்குதளம் குடியிருப்பது உள்ளே ஒட்டியிருக்கும் ஃபிளாஷ் சிப்பில். ரீசெட் பொத்தான் நாம் செய்த மாற்றங்களை அழித்து, பெட்டி கடையிலிருந்து வந்தபோது இருந்த அமைப்புகளுக்கே அதைத் திருப்பும். இயங்குதளத்தைப் புதிதாக எழுதாது. அந்த வாரம் வந்து போன 'பிரிக்கர்பாட்' என்ற நிரலோ, ஃபிளாஷ் சிப்பின் மேலேயே தாறுமாறான எண்களை எழுதி நிரப்பியது. அதோடு இணைய இணைப்பைத் துண்டித்து, மோடத்தை மறுபடி இயங்க வைத்துவிட்டு வெளியேறியது. மறுபடி விழித்த மோடத்துக்குத் தான் யாரென்றே தெரியவில்லை.

உள்ளே எப்படி வந்தது? பூட்டை உடைக்கவில்லை. பெயர் கேட்ட இடத்தில் 'அட்மின்' என்றது, கடவுச்சொல் கேட்ட இடத்திலும் 'அட்மின்' என்றது. தொழிற்சாலையில் வைத்த அந்தச் சொல்லை லட்சக்கணக்கான வீடுகளில் யாரும் மாற்றியிருக்கவில்லை. போதாக்குறைக்கு 7547 என்ற எண்ணுள்ள போர்ட் வெளியுலகத்துக்குத் திறந்து கிடந்தது. இணைய நிறுவனம் தன் அலுவலகத்தில் இருந்தபடியே வாடிக்கையாளர் வீட்டு மோடத்தைச் சரிசெய்வதற்காக வைத்திருக்கும் வழி அது. நிறுவனத்துக்கு மட்டும் திறக்க வேண்டியது ஊருக்கே திறந்திருந்தது. இது புதிதாகத் தெரிய வந்த ஆபத்தும் இல்லை. எட்டு மாதம் முன்பு, 2016 நவம்பரில், ஜெர்மனியின் டாய்ச்சு டெலிகாம் நிறுவனத்துக்கு இதே போர்ட் வழியாக அடி விழுந்து ஒன்பது லட்சம் வீடுகளின் ரூட்டர்கள் முடங்கியிருந்தன.

கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களுக்கு அறிவுரை சொன்னது. அறிவுரையில் தவறில்லை. ஆனால் மோடத்துக்கு ஒரு கடவுச்சொல் இருக்கிறது என்பதே அந்த வாடிக்கையாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வைஃபை பாஸ்வேர்டு தெரியும். பெட்டியை ஆட்டிவைக்கும் அட்மின் பாஸ்வேர்டு வேறு என்பது தெரியாது. நிறுவனத்துக்குத் தெரியும், தயாரித்தவருக்குத் தெரியும், தாக்கியவனுக்கும் தெரியும். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது. இந்த விநோதம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

பிரிக்கர்பாட்டை எழுதியவன் தன்னை 'ஜானிட்டர்' என்று சொல்லிக்கொண்டான். இணையத்தைச் சுத்தம் செய்கிறானாம். பாதுகாப்பில்லாத பெட்டிகளை மற்றவர்கள் கைப்பற்றி ஆயுதமாக்குவதற்கு முன் தானே கொன்றுவிடுவது நல்லது என்பது அவன் நியாயம். 2017 டிசம்பரில் கடையைக் கட்டுகிறேன் என்று அறிவித்தபோது, ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகளை முடக்கியதாகச் சொல்லிக்கொண்டான். அது அவன் கணக்கு. அடுத்தவர் வீட்டுப் பொருளைப் பாழாக்கியவனுக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் அவன் சுட்டிக்காட்டிய நோய் மெய்.

அந்த நோயின் பெயர் மிராய். 2016 செப்டம்பரில் இணையத்தில் வெளிப்பட்ட அந்த நிரல், கேமராக்களையும் ரூட்டர்களையும் அறுபது சொச்சம் பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு பிடித்தது. எல்லாமே தொழிற்சாலை ஜோடிகள்: அட்மின்–அட்மின், ரூட்–12345 போன்றவை. பிடிபட்ட கருவிகள் ஒரே சொல்லுக்கு ஒரே இடத்தைத் தாக்கின. அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களுக்கு இணைய முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்கள் திணறியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் மணிக்கணக்கில் எட்டவில்லை. மிராயை எழுதியதாக ஒப்புக்கொண்ட மூன்று பேரும் இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள். ஆரம்பித்தது மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை வைத்துப் பணம் பார்க்கும் போட்டியில்.

'என் வீட்டில் என்ன இருக்கிறது, என்னை யார் தேடி வரப்போகிறார்கள்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், யாரும் தேடி வரவில்லை. தெருவில் ஒருவன் நடந்துபோகிறபோக்கில் ஒவ்வொரு வீட்டுக் கதவின் கைப்பிடியையும் அழுத்திப் பார்க்கிறான். திறந்தால் உள்ளே, இல்லையென்றால் அடுத்த வீடு. யார் வீடு என்று பலகையைக்கூடப் படிப்பதில்லை. இணையத்தில் அந்தக் கதவுகள், அதாவது பழைய முறை (ஐபிவி4) முகவரிகள், மொத்தமே 429 கோடியே 49 லட்சம் சொச்சம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் 'இசட்மேப்' என்ற கருவியை வெளியிட்டு, ஒரே ஒரு கணினியிலிருந்து இத்தனை முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துக் காட்டினார்கள். சென்னைப் புறநகரான நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறியவர் சென்ட்ரலில் இறங்குவதற்குள் உலகம் முழுக்க ஒரு சுற்று முடிந்துவிடும்.

மிராய் பற்றி இன்னொன்று. அது ஃபிளாஷ் சிப்பில் உட்காராது. தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். அந்த வகையில் நம்மூர் மின்தடையும் ஒரு கிருமிநாசினிதான்! ஆனால் கடவுச்சொல் மாறாத வரை, கரண்ட் வந்த சில நிமிடங்களில் அடுத்த சுற்றுக்காரன் வந்து மறுபடி ஏறிவிடுவான். இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். ரூட்டர் மாதக்கணக்கில் அணைவதே இல்லை.

நெமிலிச்சேரி மாதிரியான ஊரில் இந்தக் கதை எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கலாம். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரைக்குமான வெளிவட்டச் சாலை 2014-இல் திறந்தது. வயலும் ஏரிக்கரையுமாக இருந்த சுற்றுவட்டாரம் மனைப் பிரிவுகளாக மாறிவிட்டது. பக்கத்துப் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்தாயிற்று. ஆவடி தொழிற்சாலைக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் போகிறவர்கள் மத்தியில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அந்த வேலைக்கு வேண்டிய நெட், மின்கம்பத்துக்கு மின்கம்பம் தாவிவரும் ஃபைபரில் வருகிறது. கொண்டுவருகிறவர் பல தெருக்களில் பழைய கேபிள் டிவிக்காரர்தான். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டுகிறார். நான்கைந்து பச்சை விளக்குகள் எரிகின்றன. மாதம் பிறந்தால் பணம் வாங்கப் பையன் வருகிறான்.

உள்ளூர் இணைப்புகளில் எதிர்பாராத ஒரு நன்மை உண்டு. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு ரூட்டர் தரும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அது வெளியுலகத்தில் செல்லாது. யாரெல்லாம் உள்ளேயிருந்து வெளியே பேசத் தொடங்கினார்கள் என்று ரூட்டர் ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அந்தப் பேச்சுக்கு வரும் பதிலை மட்டும் உள்ளே விடுகிறது. கேட்காமல் வருவதை எங்கே அனுப்புவது என்று தெரியாததால் கீழே போட்டுவிடுகிறது. முகவரிப் பஞ்சத்துக்காகச் செய்த ஏற்பாடு, காவலாகவும் ஆகிவிட்டது. பல சிறு நிறுவனங்கள் இதையே இன்னொரு அடுக்காகத் தங்கள் பக்கத்திலும் செய்கின்றன. நூறு வீடுகள் ஒரே பொது முகவரியின் பின்னால் இருக்கும். உங்கள் ரூட்டரின் பக்கத்தில் 'வான் ஐபி' என்ற இடத்தில் 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கும் முகவரி தெரிந்தால் நீங்கள் அந்த ரகம். வெளிநாட்டிலிருந்து தட்டுகிறவன் உங்கள் ரூட்டரை நேராக எட்ட முடியாது. அதே நிறுவனத்தின் வலைக்குள் இருக்கும் இன்னொரு வீட்டின் நோய்பிடித்த கருவி எட்டுமா என்பது, அந்த நிறுவனம் வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. புதிய ஐபிவி6 முகவரியில் இந்தப் பட்டியல் விளையாட்டே கிடையாது. ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் உலகமறிந்த தனி முகவரி. அங்கே காப்பது ரூட்டரின் ஃபயர்வால் மட்டுமே. அது இயங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

தெருவிலிருந்தே உள்ளே வரும் வழி வேறு. இணைப்புக் கொடுக்க வரும் பையன் ஏணியிலிருந்து இறங்கிக் கேட்பான்: "அக்கா, பாஸ்வேர்டு என்ன வெக்கட்டும்? உங்க போன் நம்பரையே வெச்சுடவா? மறக்காது." வீட்டில் சரி என்பார்கள். இதில் என்ன ஆபத்து என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

வைஃபையைப் பூட்டும் டபிள்யுபிஏ2 முறையில் ஒரு போன் இணைப்பில் சேரும்போது, போனும் ரூட்டரும் காற்றில் நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. கடவுச்சொல் அவற்றில் நேராகப் போவதில்லை. ஆனால் அதைக் கொண்டு செய்த ஒரு முத்திரை போகிறது. தெருமுனையில் லேப்டாப்புடன் நிற்பவன் அந்த நான்கு செய்திகளைப் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊகத்தையும் கொண்டு அதே முத்திரை வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். ஒரு ஊகத்தைச் சோதிப்பது கடினமாக இருக்கட்டும் என்று 4096 சுற்றுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியும், நல்ல கேமிங் கார்டு ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சோதித்துவிடும். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்குகின்றன. மீதி ஒன்பது இடங்களிலும் எந்த எண்ணும் வரலாம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 400 கோடிதான். வினாடிக்குப் பத்து லட்சம் என்றால் 4000 வினாடி. ஒரு மணி ஏழு நிமிடத்துக்குள் இந்தியாவில் இருக்கக்கூடிய அத்தனை மொபைல் எண்களையும் முயன்று முடித்துவிடலாம். உங்கள் எண் தெரிந்த பக்கத்துத் தெருக்காரருக்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம்.

இதே கார்டு, சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் தற்செயலாகக் கலந்த 12 இடக் கடவுச்சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆண்டு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாலும் குற்றமில்லை. ஃபிரிட்ஜைப் பார்க்கக்கூடியவரை நீங்கள்தானே உள்ளே கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ரூட்டரில் 'டபிள்யுபிஎஸ்' என்று ஒரு வசதி உண்டு. கடவுச்சொல் அடிக்காமல் எட்டு இலக்க பின் எண்ணால் சேரலாம். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு, பலமாகத்தான் தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டீஃபன் ஃபீபெக் என்ற ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர் இதைப் பிரித்துப் போட்டார். கடைசி இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண், ஆகவே அது கணக்கில் வராது. அதைவிடக் கூத்து, ரூட்டர் முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்று தனியாகப் பதில் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000 முயற்சி, இரண்டாம் பாதிக்கு 1,000. பத்து கோடி, பதினோராயிரமாகச் சுருங்கிவிட்டது! சில மணி நேர வேலை. பின்னால் வந்த ரூட்டர்கள் பல தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன. என்றாலும் இந்த வசதியை அணைத்து வைத்தால் இழப்பு ஒன்றுமில்லை.

சரி, உள்ளே வந்தவனுக்கு என்ன கிடைக்கும்? இரண்டு சினிமா பதிவிறக்கிக்கொள்வான் என்று நினைத்தால் விஷயம் அதோடு நிற்பதில்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாதில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் முகவரியைத் தேடிப் போன போலீஸ் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த அடுக்குமாடி வீடு. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை. யாரோ அதை இரவல் வாங்கி அனுப்பியிருந்தார்கள். கணினிகள் பறிமுதல், விசாரணை என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வைஃபையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களை வற்புறுத்தத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

ஒரு வீட்டின் இணைய முகவரிக்கு இன்று நல்ல சந்தை இருக்கிறது. வங்கியும் கடைத்தளமும், தரவு மையத்து முகவரியிலிருந்து வருகிறவரைச் சந்தேகப்படும். திருநின்றவூர்ப் பக்கத்து வீட்டு முகவரியிலிருந்து வந்தால் குடும்பஸ்தர் என்று நம்பும். அதனால் வீட்டுக் கருவிகளைப் பிடித்து, அவற்றின் வழியாக வெளியே போகும் பாதையை வாடகைக்கு விடுகிறார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ 'பேட்பாக்ஸ் 2.0' பற்றி எச்சரித்தது இதைத்தான். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்கள் சில, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அல்லது முதல் செயலியை நிறுவும்போதே நச்சு நிரலைச் சுமந்திருந்தன. அடுத்த மாதம் கூகுள் தொடர்ந்த வழக்கில் சொன்ன எண்ணிக்கை ஒரு கோடிக் கருவிகளுக்கு மேல். எல்லா ஓடிடியும் இலவசம் என்று ஒரு பெட்டி விற்கிறதென்றால், அதன் விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். வீட்டுக்காரருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. படம் ஓடும், நெட் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேமரா விஷயமும் இப்படித்தான். புது மனைப் பிரிவுகளில் வீடு முடிந்ததும் முதலில் ஏறுவது சிசிடிவி. திருட்டுப் பயத்துக்கு வைத்த கருவியே தாக்குதலுக்கு ஆயுதமாவதை மிராய் காட்டிவிட்டது. பொருத்துகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் எதையும் திறந்துவிட்டீர்களா? பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் ஊருக்கெல்லாம் ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல் வைத்த கருவிகளை விற்கவே தடை போட்டது. இந்தியாவிலும் இணையத்தோடு சேரும் கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. ஏற்கெனவே சுவரில் இருக்கும் கேமராக்களை எந்தச் சட்டமும் கழற்றப்போவதில்லை.

கழற்ற முடியாததைப் பிரித்தாவது வைக்கலாம். அதற்குக் கூடங்குளம் ஒரு நல்ல பாடம். 2019 அக்டோபரில் அணுமின் நிலையக் கணினியில் நச்சு நிரல் என்று செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையம் மறுத்தது. 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' அவர்களுக்குத் தகவல் கொடுத்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கு இணையத்தோடு சேர்ந்திருந்த ஒரு கணினி. அணு உலையை இயக்கும் வலை அதிலிருந்து தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. மறுத்ததைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லலாம். பிரித்து வைத்திருந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். வீட்டில் இதற்கு ஒரு பைசா செலவில்லை. பெரும்பாலான ரூட்டர்களில் 'கெஸ்ட்' வைஃபை என்று ஒன்று இருக்கும். அதில் சேர்ந்த கருவி இணையத்துக்குப் போகலாம், வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாது. டிவி பாக்ஸ், வைஃபை கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாவற்றையும் அதில் தள்ளிவிட்டு, வங்கி வேலை பார்க்கும் லேப்டாப்பையும் போனையும் மட்டும் முதன்மை வைஃபையில் வைத்துக்கொள்ளலாம்.

ரூட்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், 192.168.1.1 என்ற மாதிரி ஒரு முகவரி, அட்மின் பெயர், அதன் கடவுச்சொல், கருவியின் அடையாளமான மேக் எண். மேக் எண் காற்றில் எல்லாருக்கும் தெரியும்படி பரவிக்கொண்டே இருக்கும். சில மாடல்களில் ஸ்டிக்கரில் உள்ள வைஃபை கடவுச்சொல்லை அந்த மேக் எண்ணிலிருந்தே ஒரு சூத்திரம் போட்டுத் தயாரித்திருந்தார்கள். சூத்திரம் வெளியானதும் மாடலே கந்தலாகிவிட்டது. ஆக, ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே விடக் கூடாது. முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போய், அட்மின் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் வேறு வேறாக மாற்ற வேண்டும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூட வேண்டும். புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். நிறுவனம் கொடுத்த பெட்டியில் சில பக்கங்கள் நமக்குத் திறக்காது. மேல்நிலைக் கடவுச்சொல் அவர்களிடம் இருக்கும். கேபிள்காரரைக் கேட்கலாம், கேட்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பதுதான் பதில் என்றால், அந்தப் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வது உத்தமம்.

கணினியைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசக் காரணம் இருக்கிறது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே இன்று ஒரு வீட்டுக்குப் போதுமான ஆண்டிவைரஸ். அதற்கு மேல் வேண்டுவோருக்குச் சென்னையிலேயே 1991-இல் தொடங்கிய கே7 போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பிரச்சினை வருவது வீட்டுக்காரரே ஆண்டிவைரஸை அணைக்கும்போது. திருட்டு போட்டோஷாப், விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்து தரும் குட்டி நிரல் ஆகியவற்றை நிறுவச் சொல்லும் வீடியோக்களில் முதல் கட்டளையே 'ஆண்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்றிருக்கும். வீட்டுக் கணினிகளில் புகைப்படம் முதல் பத்திர நகல் வரை பூட்டிப் பணம் கேட்ட 'ஸ்டாப்' வகை ரான்சம்வேர் பெரும்பாலும் பரவியது இந்த வழியில். அதற்கு உருப்படியான மாற்று மருந்து, வாரம் ஒருமுறை நகல் எடுத்துவிட்டுக் கழற்றி பீரோவில் வைக்கும் ஹார்டு டிஸ்க். கணினியிலேயே செருகி விட்டுவைத்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பழைய டெஸ்க்டாப்பில் 11 ஏறவில்லை என்றால் லினக்ஸ் ஏற்றலாம், இல்லையேல் அதில் வங்கிக் கணக்கைத் திறக்காமலாவது இருக்கலாம். கணினியில் ஏதோ ஏறிவிட்டது என்று சந்தேகம் வந்தால், சுத்தம் செய்யும் கருவிகளை மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 பிப்ரவரியிலிருந்து இலவசமாகத் தருகிறது. சுருக்கப் பெயர் சிஎஸ்கே. சென்னைக்காரர்களுக்கு மறக்க வழியில்லை.

இவ்வளவு பூட்டும் போட்ட வீட்டுக்குள் இன்று பணம் தேடி வருகிறவன் தட்டுவது போனை. 2022-இல் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய குறுஞ்செய்தி நினைவிருக்கலாம்: போன மாத கரண்ட் பில் பதிவாகவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம், இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால், ஒரு செயலியை நிறுவிப் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வார்கள். அந்தச் செயலி பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும், நச்சு நிரலும் அல்ல. தூரத்திலிருந்து கணினி ரிப்பேர் செய்கிறவர்கள் பயன்படுத்தும் திரைப் பகிர்வு செயலி. பத்து ரூபாய்க்காக நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டும், வரும் ஓடிபியும் அவன் திரையில் தெரியும். அப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்று மின்வாரியம் எச்சரித்தது; அதற்குள் பலர் இழந்துவிட்டிருந்தார்கள். எந்த ஃபயர்வாலும் இதைத் தடுத்திருக்காது.

அதன் அடுத்த தலைமுறைதான் இப்போது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு. கல்யாணப் பத்திரிகை என்று வரும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்று வரும், வங்கி கேஒய்சி என்று வரும். அனுப்புகிறவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். அவர் போனைப் பிடித்த நிரல் அவருடைய தொடர்புப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டிருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வர வேண்டும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு செயலி. தட்டினால் 'அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா' என்று போன் ஒரு தடவை கேட்கும். அதற்குப் பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு உங்கள் குறுஞ்செய்திகள் எதற்கு? இரண்டுக்கும் சரி என்றால், அதன்பின் வரும் ஒவ்வொரு ஓடிபியும் சத்தமில்லாமல் அவனுக்கும் போய்ச் சேரும்.

தட்டித் தொலைத்தாயிற்று என்றால் முதல் வேலை போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபை அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. குறுஞ்செய்தி வராது, வந்ததும் வெளியே போகாது. அடுத்தது வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைப்பது. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பத்துக்கு என்று நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தக் கணக்கில் இன்னும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி வைக்கச் சொல்ல அந்த எண்ணில் இருப்பவர்களால் முடியும், ஆனால் ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் முடியாது. வங்கியையும் அந்த இன்னொரு போனிலிருந்தே கூப்பிட்டு யுபிஐ, நெட் பேங்கிங் இரண்டையும் முடக்கச் சொல்ல வேண்டும். ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவில் எழுத்துப் புகார் அதற்குப் பிறகு கொடுக்கலாம். நிரல் ஏறிய போனை, படங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு முழுசாக ரீசெட் செய்த பிறகே மறுபடி தொட வேண்டும். புதுக் கடவுச்சொல்லை அதற்கு முன் அந்தப் போனில் அடித்தால், அதுவும் அவனுக்குத்தான் போகும்.